சீல் வைத்த லிஃப்டும் இருநூறு படிகளும்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், என் ரத்த அழுத்தமும் அவள் குரலும் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இப்போதெல்லாம் எழுத உட்கார்ந்தால் எதற்காக உட்கார்ந்தேன் என்பது பாதியில் மறந்துபோகிறது. அதனால் அலுவலகப் பழக்கப்படி பொருள்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் வீடியோவைப் பார்த்தோம் என்பது.
2. அந்த லிஃப்ட் பதினான்கு மாதம் ஏன் நின்றது என்ற உண்மை (இதுவரை உன்னிடம் சொல்லாதது).
3. மூன்றாம் மாடி கணக்கு டீச்சர்.
4. இப்போது லிஃப்ட் ஓடாததற்கு நீ ஒரு காரணம் என்பது (குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்).
5. நாளைப் படப்பிடிப்பில், நீ எழுதி அனுப்பிய வரியை நான் அப்படியே சொல்லிவிடுவேன் என்பது.
6. பொதுவான புத்திமதி.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னேன் என்று உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். போன மாதம் அப்படிச் சொன்ன ஒரு சரிதான் நாளைக் காலை ஒன்பது மணிக்கு காமிராவோடு வண்டியில் வந்து இறங்கப்போகிறது. இன்று புதன்கிழமை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பொருள். உன் கம்பெனி வெளியிட்டிருக்கும் ‘வெற்றியின் ஏழு மாடிகள்’ என்ற உன் பேச்சை ஐந்தாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் தன் போனில் காட்டினார். மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் நீ இளைத்திருக்கிறாயா என்று பார்ப்பதிலேயே போய்விட்டது. இரண்டாம் தரம் கைதட்டல் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தேன். மூன்றாம் தரம்தான் பென்சிலோடு உட்கார்ந்து நீ சொன்னதைக் குறித்துக்கொண்டேன். நாங்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, என் தந்தை அதைப் பூட்டினார், இருநூறு படிகளையும் தினமும் ஏறச் சொன்னார், வெற்றிக்கு லிஃப்ட் கிடையாது மகனே, படிக்கட்டுதான் உண்டு என்றார், அன்று புரியவில்லை, இன்று புரிகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். எனக்கும் கண் கலங்கியது. அப்படி ஒரு தகப்பனார் எல்லாருக்கும் வாய்க்கமாட்டார். யாராக இருக்கும் என்று யோசித்தபோதுதான் அது நான் என்று உறைத்தது. உன் அம்மா பக்கத்திலிருந்து, “ஏங்க, இதெல்லாம் நீங்க எப்போ சொன்னீங்க? எனக்கு ‘குடையை எடுத்துக்கோ’ன்னு சொன்னதுதான் ஞாபகம்” என்றாள். இன்னொன்றும் கேட்டாள். உன் அலுவலகம் முப்பத்திரண்டாவது மாடியாமே, அங்கே நீ படியில்தான் போகிறாயா என்று. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து, இந்த ஊரில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டவன் நான். வெற்றிக்கு லிஃப்ட் கிடையாது என்று என் மகனே மேடையில் சொல்வது, முடிதிருத்துபவர் மகன் தலைமுடியை வெட்டவே கூடாது என்று பிரசாரம் செய்வதுபோல இருந்தது. வருத்தமில்லை. கொஞ்சம் திகைப்பு, அவ்வளவுதான். உன் பேச்சில் எத்தனை உண்மை என்று கணக்குப் பார்த்தேன். ‘பூட்டினார்’ என்ற ஒரு சொல் முழுக்க உண்மை.

இனி இரண்டாம் பொருள். இதை எழுதுவதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த லிஃப்டை நான் உன் நன்மைக்காகப் பூட்டவில்லை. உன் நன்மை அன்றைக்கு என் நினைவிலேயே இல்லை. அந்த வருடம் நம் கட்டடத்தின் ஆய்வு என் பங்குக்கு வந்தது. லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்தில் சில இழைகள் அறுந்திருந்தன. இத்தனை இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் எண்ணினேன். விதி சொன்ன எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாகவே இருந்தது. வேறு யார் கட்டடமாக இருந்தாலும் ‘ஆறு மாதத்துக்குள் வடத்தை மாற்றவும்’ என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். இது நான் குடியிருக்கும் கட்டடம். இன்ஸ்பெக்டர் தன் வீட்டு லிஃப்டுக்குச் சலுகை காட்டிவிட்டார் என்று யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் என்ன ஆவது? யாரும் போடவில்லை, போடுவதாகச் சொல்லவுமில்லை. எழுதப்படாத அந்தக் கடிதத்துக்குப் பயந்துகொண்டு மெஷின் அறை சுவிட்சில் ஈயச் சீல் வைத்துவிட்டு, ஒரு மாடி இறங்கி வீட்டுக்கு வந்து டீ குடித்தேன். புது வடம் இரண்டே மாதத்தில் வந்து மாட்டியாகிவிட்டது. அப்போதே சீலை உடைத்திருக்கலாம். குடியிருப்பவனே தன் கட்டடத்து லிஃப்டுக்குச் சான்று தரலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் மேலிடத்துக்கு எழுதி விளக்கம் கேட்பது என் சுபாவம். கேட்டேன். மேலிடம் பன்னிரண்டு மாதம் யோசித்தது. பதில் ஒரே வரி, ‘தாங்களே திறக்கலாம்.’ என்னோடு வேலை பார்த்தவர்களில் வேறு யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா என்று அன்றைக்குப் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். “ஏன் சார், தும்மல் வந்தாலும் அனுமதி வாங்கிட்டுத்தான் தும்முவீங்களா?” என்றார் அவர்.

ஆக, உன் பேச்சில் வரும் அந்தத் திடசித்தமுள்ள தந்தை அந்தப் பதினான்கு மாதமும் என்ன செய்தார் தெரியுமா? காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் இறங்கினார், மாலையில் எல்லாரும் ஏறி முடிந்த பிறகு ஏறினார். யார் கண்ணிலும் படக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. உன்னை ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. அப்போது கட்டடத்தில் எனக்கு ‘சீல் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் மூட்டையோடு எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக மூச்சு வாங்கிக் காட்டுவார்கள். இப்போது அதே ஆட்கள், அதே படிக்கட்டில், கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துகிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அந்த நாளில் என்னோடு பேச்சையே நிறுத்தியவர். போன வாரம் என் தோளைத் தட்டி, “சார், அன்னைக்கு நீங்க சீல் வெச்சீங்க, உங்க பையன் ஆளானான். நாங்கதான் சார் புரிஞ்சுக்கல” என்றார். ஒரு மனிதனின் கோழைத்தனம் இருபத்தைந்து வருடம் ஊறினால் தொலைநோக்காகிவிடுகிறது. இன்ஷூரன்ஸ்காரர் தன் பையனைப் புத்தகப்பையோடு தினமும் இரண்டு தரம் ஏறி இறங்க வைக்கிறார். அந்தப் பையன் என்னைப் பார்க்கும் பார்வையை நான் அந்தப் பதினான்கு மாதமும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் பொருள். உலகம் நீ ஏழு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாய் என்று நம்புகிறது. நீ ஒரே மூச்சில் ஏறியது மூன்று மாடி. அங்கே கணக்கு டீச்சர் வீட்டு வாசலில் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாய், மீதி நான்கு மாடி அப்புறம்தான். அவர் இன்றும் அதே வீட்டில்தான் தனியாக இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, கண்ணில் புரை முற்றிவிட்டது. உன் பேச்சில் அவர் பெயர் இல்லையே, மனசு புண்பட்டிருக்குமே என்று எனக்கு நான்கு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கண் தெரியாததால் வீடியோவைக் கேட்கத்தான் முடிகிறது, பதினொரு தரம் கேட்டாயிற்று என்றார். நான் தாளை எடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். “என் பேரைச் சொல்லலைன்னா போகட்டும் சார். கணக்கைத் தப்பா சொல்லலாமா? மாடிக்குப் பதினெட்டு படி. ஏழு பதினெட்டு நூத்தி இருபத்தாறு. இவன் இருநூறுங்கறான். மீதி எழுபத்திநாலு படியை எவன் கட்டினான்? என்கிட்ட படிச்ச பையன்னு வெளியில சொல்லிக்கவே கூச்சமா இருக்கு.” பெயரைச் சொல்லாமல் விட்டது ஒரு வகையில் அவருக்கு நிம்மதியாம்.

உன்னை ஏன் உள்ளே கூப்பிட்டார் என்றும் கேட்டேன். உன்னிடம் ஏதோ பொறி தெரிந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “வாசல்ல உக்காந்து நாய் மாதிரி மூச்சு வாங்குவான். உள்ள உக்காந்து நோட்டுத் திருத்த முடியல. சரி, உள்ள வந்து ஃபேனுக்கு அடியில வாங்குடான்னேன். சும்மா உக்காராதே, இதைப் போடுன்னு ஒரு கணக்கைக் குடுத்தேன். ஃபேனை விட்டு எழுந்திருக்க மனசில்லாம அடுத்ததையும் போட்டான்.” உன் வெற்றியின் ரகசியம் இதுதான் மகனே. என் பயம், மேலிடத்தின் தாமதம், உன் சோம்பல், டீச்சர் வீட்டு ஃபேன். இதை வைத்து ஏழு மாடிக்குப் பேச முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. வெளியே வரும்போது அவர் இன்னொன்று சொன்னார். லிஃப்ட் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் நான்கு வருடம் நீ வந்துகொண்டிருந்தாயாம். அப்போது மூச்சும் வாங்கவில்லை, வெயில் இல்லாத நாளிலும் வந்தாய், ஃபேனைப் போடக்கூட மறந்துவிடுவாய் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய விஷயம் விளங்கியது. அந்த வருடங்களில் நம் லிஃப்டை ஆய்வு செய்யும்போதெல்லாம் மூன்றாம் எண் பொத்தான் மட்டும் தேய்ந்து எண்ணே மறைந்திருக்கும். மற்றவை புதிதுபோல இருக்கும். ‘மூன்றாம் பொத்தான் தேய்மானம், காரணம் தெரியவில்லை’ என்று நான்கு அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். காரணம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான்காம் பொருள்தான் அவசரம். லிஃப்ட் நின்று இன்றோடு ஏழு வாரம். வடம் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் நிறுத்தினார், சரியான முடிவு. மூன்றாம் வாரமே புது வடம் வந்துவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாயில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல நான் தினமும் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன். அதை மாட்டவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் உன் கம்பெனியின் படப்பிடிப்புக் குழு இடம் பார்க்க வந்தது. ஓடாத லிஃப்டைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு இயற்கையாக நாங்களே செட் போட்டாலும் வராது, படம் எடுத்து முடிக்கும்வரை சரி செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். செயலாளரைத்தான் தெரியுமே, எதற்கெடுத்தாலும் ஒரு தாளை அடித்து ஒட்டுவதால் அவருக்கு ‘சுற்றறிக்கை’ என்று பெயர். மறுநாளே ஒட்டிவிட்டார். ‘நம் கட்டடத்துக்குக் கிடைத்துள்ள பெருமையை முன்னிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் பணி தள்ளிவைக்கப்படுகிறது. உறுப்பினர்கள் இதை ஒரு வாய்ப்பாகக் கருதிப் படியேறவும்.’ அதோடு நிற்காமல் கீழ்த்தள லிஃப்ட் கதவின் இரண்டு பாதிகளையும் சேர்த்து உன் படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறார். கை கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். கீழே உன் வாசகம். லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினால் நீ சிரித்துக்கொண்டு நிற்பாய், வேறொன்றும் நடக்காது.

நான் சொல்ல வேண்டிய வரியை எழுதி அனுப்ப உனக்கு நேரமில்லாததால் படப்பிடிப்பு மூன்று தரம் தள்ளிப்போயிற்று. டீச்சருக்குக் கண் அறுவைக்குக் கொடுத்திருந்த தேதி ஒன்று அதில் போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை காலை அடுத்த தேதி. அதையும் விட்டால் அப்புறம் நான்கு மாதம் கழித்துத்தான், அதற்குள் அந்தக் கண் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்து நான்கு படி அந்த முழங்காலால் முடியாது. நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிவிடலாம் என்று செயலாளர் யோசனை சொன்னார். “நான் என்ன பீரோவா?” என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார் டீச்சர். நான் செயலாளருக்கு ஒரு மனு எழுதினேன். மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளும் வானிலையைப் பற்றிப் பேசி, டீ குடித்து, மனுவோடு திரும்பி வந்தேன். “அந்தக் காகிதத்தைச் சட்டையோட துவைக்கப் போட்டுட்டேன், இனிமே வெள்ளைத்தாளைக் குடுத்தாலும் ஒண்ணுதான்” என்கிறாள் உன் அம்மா. நாளை ஏதாவது காரணத்தால் படப்பிடிப்பு இன்னொரு தரம் தள்ளிப்போனால் டீச்சர் கண் போய்விடும். நடந்தாலும், எடுத்தது போதவில்லை, இன்னும் ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால்? இதுதான் இப்போது என் ஒரே கவலை.

ஐந்தாம் பொருள். நாளை நான் படிக்கட்டின் முதல் படியில் நின்று, ‘வெற்றிக்கு லிஃப்ட் கிடையாது மகனே’ என்ற உன் வரியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தைரியம் கிடையாது. இந்தப் படம் உன் பதவி உயர்வுக்கு முக்கியம் என்று உன் அலுவலகத்துப் பெண் போனில் சொன்னாள். பெற்ற பிள்ளையின் உயர்வுக்குக் குறுக்கே நிற்பதாவது? இது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மைக் காரணம், காமிராவுக்கு முன்னால் ஒருவர் ‘ம், சொல்லுங்க’ என்றால் எதையும் சொல்லிவிடுகிற ஆள் நான் என்பதுதான்.

ஆறாம் பொருள், புத்திமதி. நீ பெரிய மனிதன், உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான், அதைச் சொல்கிறேன். லிஃப்டின் பின்பக்கம் சுவரை ஒட்டி இரும்புப் பாளங்கள் தொங்கும், எதிர் எடை என்போம். லிஃப்ட் மேலே போகும்போது அது கீழே இறங்கும். காலி லிஃப்டைவிட அது கனம். அதனால் உள்ளே யாருமே இல்லாத லிஃப்டின் பிரேக்கைத் தளர்த்தினால், மோட்டாரே வேண்டாம், தானாக மேலே போகும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். நான் பல அலுவலகங்களுக்கு ஆய்வுக்குப் போய்வந்ததில் எனக்கு அந்த ஆச்சரியம் போய்விட்டது. மேலே போவது நிறைந்து போகிறதா, காலியாகப் போகிறதா என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. மாடி எண் விளக்கு இரண்டுக்கும் ஒரேமாதிரிதான் எரியும். இது உன்னைக் குறித்து எழுதியதல்ல, என் பழைய மேலதிகாரி ஒருவரை நினைத்து எழுதினேன். ஆனாலும் நீ மேலே போகும்போது எது கீழே இறங்குகிறது என்று ஒரு தரம் எட்டிப் பார். தவறாக எழுதிவிட்டேன், லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. மனதால் என்று படித்துக்கொள்.

இன்று திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். இயக்குநர் தொப்பி போட்ட இளைஞர், மரியாதையானவர், ஐயா ஐயா என்றுதான் பேசினார். நீ சுமந்த பை என்று ஒரு புதுப் பையை உப்புத்தாளால் தேய்த்துப் பழையதாக்கிக் கையில் கொடுத்தார்கள். என் சட்டை போதுமான அளவு பழையதாக இல்லை என்று இன்னும் பழைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். “ஐயா, இன்னும் கொஞ்சம் வறுமையா நில்லுங்க” என்றார் தொப்பிக்காரர். முதல் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, “இதுக்கு மேல வறுமையா நிக்கணும்னா அவர் படுத்துக்கத்தான் வேணும்” என்றாள். கட்டடமே படிக்கட்டில் வந்து நின்றது. செயலாளர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு காமிரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் இருந்தார். முதல் தரம் வரிக்குப் பதில் இருமல்தான் வந்தது. இரண்டாம் தரம் லிஃப்டுக்கு வெற்றி கிடையாது என்று சொல்லிவிட்டேன். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் ஏதோ ஒரு சொல்லில் தடுக்கிப் பாதியில் நின்றுபோயின. குரல் நடுங்குவது அருமையாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறாம் தரம், வரியைச் சொல்வதற்கு முன் லிஃப்ட் கதவை ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அப்போது மூன்றாம் மாடியிலிருந்து டீச்சர் குரல் இறங்கி வந்தது. “சார், திங்கக்கிழமைக்கு வழி இருக்கா? இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அதற்கப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. முப்பத்தோரு வருடம் நின்றுபோன லிஃப்டுகளின் முன்னால் நின்றிருக்கிறேன். அங்கே நிற்கும்போது என் வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும், வேறு எதுவும் வந்ததில்லை. செயலாளரைப் பார்த்து, “இந்த லிஃப்ட் ஏன் ஓடல?” என்றேன். அது என் வீட்டுக் குரல் அல்ல, ஆய்வுக் குரல். நான் ஓய்வு பெற்றபோது அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். “வடம் வந்து எத்தனை நாளாச்சு? நாலு வாரம் மாட்டாம வெச்சதுக்கு யார் கையெழுத்து?” அவரும் பழைய பழக்கத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றுவிட்டார். “நாளைக்கே மாட்டிடலாம் சார்” என்றார். மேலே யாரோ கை தட்டினார்கள். இன்ஷூரன்ஸ்காரர் பையன் என்று நினைக்கிறேன். என் கையிலிருந்த பை கீழே விழுந்துவிட்டது. காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. உன் பதவி உயர்வு போயிற்று என்றுதான் நினைத்தேன். உன்னிடம் என்ன சொல்வது என்று பையைக்கூட எடுக்காமல் நின்றேன். தொப்பிக்காரர் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஐயா, இது அதைவிட நல்லா இருக்கு” என்றார். எப்படி என்றால், தந்தை லிஃப்டைக் காட்டி இது ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார். அங்கே வெட்டி, முப்பத்திரண்டாவது மாடிக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் மகன் திரும்புகிறார். ஏனென்றால் வெற்றிக்கு லிஃப்ட் கிடையாது என்கிறார். நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “அது எடிட்டிங்ல வந்துடும் ஐயா” என்றார். ஆகவே உனக்கு ஒரு சேதமும் இல்லை. உண்மையைக் கேட்டுவிட்டால் ஏதாவது பெரிதாக உடைந்துவிடும் என்று இத்தனை வயதுவரை பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் உடையவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து பழைய வடத்தை இறக்கினார், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் புதியது ஏறிவிட்டது. இப்போதைய இன்ஸ்பெக்டர் ஒரு பெண், உன் வயதுகூட இருக்காது, வந்து எல்லாவற்றையும் ஒரே தரம் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு அவ்வளவு தைரியம் எந்த நாளும் இருந்ததில்லை. போகும்போது உள்ளே பொத்தான்களைப் பார்த்து, “ஏன் சார் மூணு மட்டும் இப்படி தேஞ்சிருக்கு?” என்று கேட்டார். காரணம் தெரியும் என்றேன். என் பையன் என்றேன். அறிக்கையில் எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.

இன்று காலை உன் அம்மா மூன்றாம் மாடிக்குப் போய் டீச்சரைக் கூட்டிவர, நான் கீழே வாடகை வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு லிஃப்டுக்கு முன்னால் நின்றேன். செயலாளருக்கு உன் படத்தைக் கிழிக்க மனமில்லை. இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பிளேடால் நேராக ஒரு கோடு போட்டு விட்டிருந்தார். உன் மூக்கு வழியாகப் போகிறது கோடு. விளக்கில் மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்தது. உன் முகம் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது, நடுவில் டீச்சர் நின்றிருந்தார், உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. எதிரே நிற்பது நான் என்று இருமலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். “சார், இப்ப நான் எத்தனை படி இறங்கினேன்?” என்று கேட்டார். பூஜ்யம் டீச்சர் என்றேன். “சரியான விடை” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அறுவை நல்லபடியாக முடிந்தது. நாளைக்குக் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். கண் தெரிந்ததும் முதல் காரியமாக உன் வீடியோவைப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அடுத்த மேடையில் நூற்று இருபத்தாறு என்று சொல்லிவிடு. அவர் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஒரே மூச்சில் ஏறியது எத்தனை என்று உண்மையை முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் ஐம்பத்து நான்கு என்று சொல்ல வேண்டும். அது கூட்டத்துக்குப் போதாது என்பது எனக்குப் புரிகிறது.

நீ இன்னும் எத்தனை மாடி உயரப் போனாலும் நீயும் உன் குடும்பமும் பத்திரமாக இறங்கிவரும் வழியோடு இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனமார ஆசீர்வதிக்கிறோம். நாளை ஆபீஸுக்குப் போகும்போது லிஃப்டுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், அதில் கடைசி ஆய்வுத் தேதி என்ன என்று பார்த்து எழுது. மறந்துவிடாதே. கதவு மூடும்போது குறுக்கே கையை நீட்டாதே. குடையை எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர், ஏழாம் மாடி)

திருத்தம்: எழுதி முடித்த அறிக்கையில் அடித்துத் திருத்தக் கூடாது, தவறு இருந்தால் கடைசியில் குறிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதன்படி, மேலே வரிசையில் ஐந்தாவதாகக் கண்ட பொருள் தவறு. நான் அதைச் சொல்லவில்லை.
அப்பா.